ஐந்தை நான்காக்கியவர்

என் அத்தானுக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுக்கும் வேலை. கம்ப்யூட்டர் நிரலின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பவராக அவர் ஆனதற்குக் காரணம் ஓர் ஒட்டடைக்குச்சி.

அக்கா எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறாள். ஒன்பது வருடமாக வரைந்த டிசைன்கள் அத்தனையும் ஒரே மென்பொருளுக்குள் இருந்தன. கம்ப்யூட்டரின் பின்னால், பென்டிரைவ் மாதிரி, கட்டைவிரல் நீளச் சாவி ஒன்றைச் செருகியிருந்தால்தான் அது திறக்கும். ஒட்டடை அடிக்கிறேன் பேர்வழி என்று அத்தான் அதை ஒடித்துவிட்டார். விற்ற கம்பெனியையோ எப்போதோ மூடிவிட்டார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். பேச்சை நிறுத்தினாள். "சாப்பாடு", "பால்", "கேட்" என்று நாளைக்கு மூன்று சொல். அத்தான் வாடிப்போனார்.

"நானே திறந்து காட்டுறேன். அப்புறம் பேசுறாளா இல்லையா பாரு" என்று என்னிடம் சவால் விட்டார்.

நிரலைப் பிரித்து உள்ளிருக்கும் கட்டளைகளைக் காட்டும் கருவி ஒன்றை இறக்கினார். திரை முழுக்க எண்கள். ரீடிங் எழுதுவதுபோல ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதினார். மூன்று மாதத்தில் நாலு நோட்டு. பக்கங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு விளக்கம் கேட்டார். பார்த்த ஒரு புண்ணியவான், "சார், இது உங்க புரோகிராமே இல்ல. எந்தப் புரோகிராம் செஞ்சாலும் முன்னால தானா ஒட்டிக்கிற பகுதி" என்று பதில் போட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பரவாயில்ல, வாசல் பழகிடுச்சு" என்றார் அத்தான். மனுஷனுக்கு ரோஷமே கிடையாது.

எட்டாவது மாதம், சாவியைக் கேட்கும் இடம் அகப்பட்டது. சாவி இல்லாவிட்டால் வெளியே தள்ளும் கட்டளையின் எண் 75. அதை 74 ஆக்கினால், சாவி இருந்தால்தான் தள்ளும். ஆக்கினார். திறந்துகொண்டது.

அக்காவைக் கையோடு இழுத்துவந்து காட்டினார். அவள் நின்றபடியே பார்த்தாள்.

"வேணுங்கிற டிசைனெல்லாம் வேற சாப்ட்வேர்ல வரைஞ்சு முடிச்சு மூணு மாசம் ஆச்சு. நீங்க வாசல்லயே உக்காந்திருந்தப்பவே ஆரம்பிச்சுட்டேன். ஒடிச்ச மனுஷன் கொஞ்சநாள் அவஸ்தைப்படட்டும்னுதான் சொல்லல. கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு? குச்சிய எடுத்தா..."

எட்டு மாத உழைப்பு வீண். அத்தானைப் பார்த்தேன். வாயெல்லாம் பல்லாக நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து திட்டு" என்றார்.