துரை வீட்டுப் பூனைக்கு வந்த சர்க்கரை

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிவிட்டான் என்று செய்தி வந்ததும், எங்கள் தோட்டத்துத் துரை இரண்டு காரில் சாமான் ஏற்றிக்கொண்டு மனைவியோடு மலையை விட்டுப் புறப்பட்டார். போகிற வழியில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஒரு தேயிலைப் பெட்டியை என் கணவரிடம் நீட்டி ஏதோ சொன்னார். என் கணவர் தோட்டத்து டிரஸர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். துரை எதைச் சொன்னாலும் "எஸ் சார்" என்று சொல்லிப் பழகிய வாய், அன்றும் சொல்லிவிட்டது. கார்கள் மலை இறங்குகிற ரிங்லெட் சாலையில் மறைந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார். உள்ளே பூனை.

மஞ்சள் நிறக் கடுவன். பங்களாவில் டின் பாலும் ஈரலும் தின்று உரலைப் போல உருண்டிருந்தது. என் கணவருக்குப் பூனை என்றால் ஆகாது. ரோமம் காற்றில் பறந்து மருந்தில் விழும், கிருமி பரவும் என்பார். "துரை திரும்பி வர்ற வரைக்கும்தான்" என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

துரை வரவில்லை. அரிசிதான் போனது. தோட்டம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு தின்றோம். அவித்தும் தின்றோம், கூழாகவும் குடித்தோம். பூனைக்கும் அதே கூழ்தான். பங்களாப் பூனை ஆயிற்றே, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நினைத்தேன். அது கிண்ணத்தை நக்கிவிட்டு என் கிண்ணத்தையும் பார்த்தது. அப்படித் தின்றும் மெலிந்துகொண்டே வந்தது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது. பின்னங்காலின் குதிகாலைத் தரையில் படிய வைத்து, வழுக்குப் பாறையில் நடக்கிறவனைப் போல நடந்தது.

ஒரு நாள் அது போகிற மண்பெட்டியைச் சுத்தம் செய்யப் போனேன். எறும்பு மொய்த்துக் கிடந்தது. கணவரிடம் சொன்னேன். எப்போதும் பூனைப் பேச்சை எடுத்தால் காதில் வாங்காதவர், அன்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எறும்பா? நல்லாப் பாத்தியா?"

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எல்லோரிடமும் மலேரியாவையே பார்த்துச் சலித்திருந்த மனுஷன். மறுநாள் பெட்டியிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டு, ஓடையிலிருந்து கழுவிய கூழாங்கல்லைப் பரப்பி, அடியில் ஒரு பீங்கான் தட்டை வைத்தார். பூனை கல்லைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, போய்ப் படுத்துக்கொண்டது. அவர் அதன் எதிரே குந்திக் காத்திருந்தார். வெளியே பெஞ்சில் கட்டி உடைக்க வந்த ஆள் ஒருவர் காத்திருந்தார். மத்தியானத்துக்கு மேல்தான் பூனை இரக்கப்பட்டது. தட்டில் தேங்கியதைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, சிறுநீர் சோதிக்கிற நீல மருந்தில் மிச்சமிருந்ததைச் சேர்த்து அடுப்பில் காட்டினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது.

"சர்க்கரை" என்றார், தனக்கு மகன் பிறந்ததைச் சொல்வதுபோல.

அதற்கு ஊசி மருந்து இருக்கிறதாம், ஆனால் அந்தக் காலத்தில் மனுஷருக்கே அது கிடைக்காது. அந்த ஊசி வருவதற்கு முன்பு மாவுப் பண்டத்தை நிறுத்தித்தான் வைத்தியம் பார்த்தார்கள் என்று படித்திருந்தார். அன்றிலிருந்து பூனைக்குக் கிழங்கு கிடையாது. மீன், கறி மட்டும்தான். நாங்கள் கறியைக் கண்ணால் பார்த்தே மாசக்கணக்கு ஆகியிருந்தது. ஆகவே டிரஸர் ஐயா காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, கூடையோடு ஓடையில் இறங்கினார். கொழுந்து பறிக்கிற பெண்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள். அவர் நிமிரும்போதெல்லாம் குனிந்து மும்முரமாகப் பறித்தார்கள்.

மீன் போதவில்லை. கிழங்குக் கொல்லையில் பொறி வைத்திருந்த பெரிய கங்காணி, அகப்பட்ட எலிகளை இலையில் பொதிந்து கொண்டுவந்து தந்தார்.

"பூனைக்கு மனுசன் எலி புடிச்சுக் குடுக்குறது நம்ம தோட்டத்துலதான் லா" என்றார்.

என் கணவர் சிரிக்கவில்லை. எலியை வாங்கி, கெட்டுப்போனதா என்று முகர்ந்து பார்த்தார். முகர்ந்தவர் அன்று என்னிடம் திட்டு வாங்கினார்.

பூனை தேறி வந்த சமயத்தில்தான் அந்தப் பன்றி விவகாரம் நடந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாரோ காட்டுப்பன்றி அடித்து எங்களுக்கும் கொஞ்சம் கொழுப்பு அனுப்பியிருந்தார்கள். உருக்கி வைக்கலாம் என்று மூடி வைத்ததைப் பூனை முழுக்கத் தின்றுவிட்டது. மறுநாள் முதல் வாந்தி. தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. வயிற்றைத் தொட்டால் உறுமியது.

"கணையம் வீங்கிருக்கு" என்றார் அவர். இந்த முறை முகத்தில் வெளிச்சம் இல்லை.

தண்ணீரைக் காய்ச்சி உப்பு அளந்து போட்டு ஆறவைத்து, ஊசியால் அதன் முதுகுத் தோலுக்கடியில் ஏற்றினார். நான் பிடித்துக்கொண்டேன். முதுகில் ஒட்டகத் திமில் போல எழும்பி, மெதுவாக வடிந்தது. பூனை அவரைப் பிறாண்டியது, என்னைப் பிறாண்டவில்லை. அதை அவர் கவனித்தார். ஆஸ்பத்திரியில் ஊசி காய்ச்சுகிற அடுப்பருகே கதகதப்பாக இருக்கும் என்று பெஞ்சில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தோம். மீன் வேகவைத்த தண்ணீரை ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன்.

அப்படி ஊட்டிக்கொண்டிருந்த காலையில் ஜப்பான் அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார். கூடவே மொழிபெயர்க்கிற தமிழர் ஒருவர். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு எங்கள் லயத்திலிருந்து ஆட்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பான் தொப்பியைக் கண்டாலே லயத்து ஆண்கள் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடுவார்கள். அதிகாரி கம்பளியை விலக்கினார். பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது.

"யாரோட பூனைன்னு கேக்குறாரு" என்றார் தமிழர்.

வெள்ளைக்காரத் துரையின் உடைமையை வைத்திருப்பதே அப்போது குற்றம். என் கணவருக்குப் பொய் வராது. அவர் உதடு துரை என்கிற சொல்லுக்குக் குவிவதை நான் பார்த்தேன்.

"என் பூனைங்க" என்றேன். "கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்தது."

அதிகாரி என்னையும் பார்த்தார், ஸ்பூனையும் பார்த்தார். என்ன நோய் என்று கேட்டார். என் கணவர் சர்க்கரையில் ஆரம்பித்துக் கணையம் வரை விளக்கினார். தமிழருக்குக் கணையம் தெரியவில்லை. கணவர் தன் வயிற்றையே தொட்டுக் காட்டினார். கடைசியில் தமிழர் சுருக்கமாக ஏதோ சொன்னார். அதிகாரி நீளமாக ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

தமிழர் வாசலில் தயங்கி நின்றார். "அவங்க ஊர்ல பூனைக்கு மீன்தான் குடுப்பாங்களாம். கிழங்கு குடுத்துக் கெடுக்காதீங்கன்னு சொல்லச் சொன்னாரு."

உயிர் தப்பியதற்கு நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கோ அது உறைக்கவே இல்லை. பல மாதமாகத் தான் செய்துவரும் வைத்தியத்தை இன்னொருவன் வந்து தனக்கே சொல்லிவிட்டுப் போகிறானே என்று அன்று முழுக்கப் பொருமினார். பொருமல் அடங்கிய பிறகு என்னிடம் திரும்பினார்.

"சீதனமாப் பூனை வாங்குனவன் இந்த மலையிலேயே நான் ஒருத்தன்தான்."

"அதையும் பத்திரமா வச்சுக்கத் தெரியலையே" என்றேன்.

பூனை பிழைத்தது. முதலில் ஸ்பூனைத் தட்டிவிட்டது, பிறகு ஒரு சின்ன மீனைத் தலையோடு தின்றது. நாள்பட எறும்பும் நின்றுபோனது. நீல மருந்து தீர்ந்துவிட்டதால், எறும்பு வருகிறதா என்று அவரே மண்பெட்டியின் அருகே குந்திப் பார்த்து உறுதி செய்தார். நடையும் நேரானது. லயத்துக்காரர்கள் மருந்துக்கு வரும்போது, "பூனை வைத்தியர் இருக்காரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவருக்குக் கோபம் வரும். ஆனால் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் விவரமாகப் பதில் சொல்வார்.

சண்டை முடிந்து வேறு துரை வந்தார். பழைய துரையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பூனையைக் கேட்டு யாரும் வரவும் இல்லை. பிறகும் சில வருஷம் அது எங்களோடு இருந்தது. ஒரு காலை வெயிலில் படுத்தபடியே போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் அவரே குழி தோண்டினார். பிறகு புதுத் துரையிடம் காய்ச்சல் என்று சொல்லி லீவு கேட்டார். அவர் லீவு எடுத்து நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வந்து என்னிடமும் காய்ச்சல் என்றே சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இஞ்சி தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.