பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் ஜெசிந்தா

கோட்டைக்குப்பம் ஜெசிந்தா பழவேற்காடு ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தே பிழைத்தவள். முட்டிவலி வந்த பிறகு, சென்னைக்காரர் ஒருவர் கடலோரம் கட்டியிருந்த பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வீடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு ஏசி. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் அதற்கென்று தனி பிரேக்கர்; அதை மேலே தள்ளினால்தான் ஏசி ஓடும்.

போன மே மாதம் ஏசி நின்றுபோனது. மெக்கானிக் சந்தியாகு வந்து பிரேக்கரை இறக்கினார்.

"மாடியில ஒயர்ல கை வெச்சினு இருப்பேன் ஜெசிந்தா. நான் வந்து சொல்ற வரைக்கும் யாரும் இத்த தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியின் மகன் விக்கி காரில் வந்து இறங்கினான். பகலிலேயே நன்றாகக் குடித்திருந்தான். உள்ளே வந்ததும் வியர்த்துக் கொட்டியது. ஏசியைப் போட நேரே பெட்டியிடம் போனான்.

ஜெசிந்தா ஓடிவந்து குறுக்கே நின்றாள். "வேணாம் தம்பி. மேல ஆள் வேலை செய்றாரு. போட்டா செத்துடுவாரு."

"எனக்கே சொல்றியா? தள்ளு!"

கன்னத்தில் அறைந்தான். அவள் பெட்டியில் முதுகை அழுத்திக்கொண்டாள். முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். வாயில் குத்தினான். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. "அண்ணே!" என்று கத்தினாள், கடல்காற்றில் அது மாடிக்கு எட்டவில்லை. கீழே விழுந்தவளின் வயிற்றில் மிதித்துவிட்டு அவன் பெட்டியைத் திறந்தான்.

விரல் பிரேக்கரைத் தொட்டபோது அவள் எழுந்து அந்தக் கையைக் கடித்தாள். அவன் அவளை உதறித் தள்ளப் பார்த்தான். மற்றக் கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் படிக்கட்டுக் கம்பியில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அப்போதும் பல்லை எடுக்கவில்லை. சதை கிழிந்து அவன் அலறிய அலறல்தான் சந்தியாகுவை இறக்கிக் கொண்டுவந்தது. வந்த வேகத்தில் கையிலிருந்த ஸ்பேனரால் விக்கியின் தோளில் ஒரே போடு போட்டார். அவன் சுருண்டு விழுந்தான்.

சந்தியாகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேல வந்து என்னைக் கூப்பிடறதுதானே?"

"நான் நகந்திருந்தா போட்டிருப்பாண்ணே."

ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார். "பையன் தெரியாம செஞ்சிட்டான், போலீஸ் வேணாம்மா" என்றார்.

"தெரிஞ்சிதான் சார் செஞ்சான். நான் சொன்னேன்ல?" என்றாள் வீங்கிய வாயோடு. அன்றே புகார் கொடுத்தாள்.

மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை. இப்போது பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கிறாள். யாராவது திடீரென்று சத்தம் போட்டால் உடம்பு விறைத்துவிடுகிறது. இருந்தாலும் கோர்ட்டில் வாய்தா என்றால் அன்று கடை போடுவதில்லை. முதல் பஸ்ஸிலேயே பொன்னேரிக்குக் கிளம்பிவிடுகிறாள்.