ஐம்பத்தெட்டு வயதில் முகப்பரு

எங்கள் வீட்டில் யாருக்கும் சிகரெட் பழக்கம் கிடையாது. அதனால், என் ஓயாத இருமலுக்கும், படி ஏறினால் வாங்கும் மூச்சுக்கும் காரணம் நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ பார்த்துப் பேசுகிறார் என்றே நினைத்தேன். பவானிபூர் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சர். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி.

டாக்டர் வங்காளிப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார். கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துச் சிரித்த முகமாக வரவேற்றார்.

"உங்க கட்டியில ஒரு மரபணு மாறியிருக்கு மாஷிமா. அது உண்டாக்குற புரதம் செல்லைப் பார்த்து 'வளரு, வளரு'ன்னு ஓயாம சொல்லிட்டே இருக்கு. அந்தப் புரதத்தை மட்டும் அடக்குற மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு போட்டாப் போதும்."

அதற்கப்புறம் அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் என் காதில் ஏறியது. முடி கொட்டாதாம். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்தால், மூக்கு, கன்னம், நெற்றியெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பரு. கிடர்பூர் துறைமுக ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் நின்று பார்த்தார்.

"என்னடி இது, காலேஜுக்குப் போற பொண்ணு மாதிரி!"

"சிரிக்காதீங்கோ. மருந்து ஒத்துக்கலை போல இருக்கு."

கீழ்வீட்டு வங்காளி அம்மாள் சந்தனத்தை அரைத்துக் கொண்டுவந்தாள். பூசியதில் இன்னும் எரிந்தது. பயந்துபோய் அன்றைக்கு மாத்திரையே போடவில்லை. மறுநாள் என் கணவர் லீவு போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

டாக்டர் என் முகத்தருகே குனிந்து பார்த்தார். "வாஹ்!" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அன்னிக்கே சொன்னேனே மாஷிமா! உங்க தோலுக்கும் அதே மாதிரிப் புரதம் வேணும். மாத்திரை அங்கேயும் போய் அடக்குது, அதான் பரு. மருந்து நல்லா வேலை செய்யறவங்களுக்கு இது நிறைய வரும். ஆனா ஸ்கேன் பார்த்தாத்தான் நிச்சயம். க்ரீம் தரேன், மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க."

துர்கா பூஜைக்குப் புதுப்புடவையும் பருவுமாகப் பந்தல் பந்தலாகச் சுற்றினேன். பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, எந்த ஃபேஸ்வாஷ் நல்லது என்று எனக்கே பாடம் நடத்தினாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. முழுக்கப் போகவில்லை, மாத்திரை தொடர வேண்டும், இந்த மருந்து கேட்காமல் போனால் அடுத்தது இருக்கிறது என்றார் டாக்டர்.

திரும்பும்போது மெட்ரோ படிகளில் மடமடவென்று ஏறிவிட்டேன். பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு என் கணவர் கத்தினார்:

"கொஞ்சம் நில்லேன்டி, எனக்கு மூச்சு வாங்கறது!"