ஆட்டுப் புழுக்கையும் என் எம்.எஸ்சி. பட்டமும்

1. பூரா ஜீரோ

"இன்னாம்மா இது, பூரா ஜீரோவா எழுதிக்கினு வந்துகீற? காட்டுக்குப் போனியா, இல்ல ஹாஸ்டல்லயே குந்திக்கினு இருந்தியா?"

திருப்பதியில் வனவிலங்கு அறிவியல் எம்.எஸ்சி. படித்தபோது, கடைசி செமஸ்டரில் என் டேட்டா ஷீட்டை மேசைமேல் போட்டுவிட்டு இப்படிக் கேட்டவர் என் கைடு. புத்தூர்க்காரர். வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும், கோபம் வந்தால் தமிழ். அவர் கையெழுத்துப் போடாமல் தீசிஸ் வைவாவுக்குப் போகாது. பட்டமும் கிடையாது.

என் தலைப்பு நாற்கொம்பு மான். கூச்சப் பிராணி, நேரில் பார்ப்பது அரிது. அதனால் காட்டுக்குள் நேர்கோடாக டிரான்செக்ட் போட்டு, காலையில் அதில் நடந்து, புழுக்கைக் குவியல்களை எண்ணுவோம். எனக்கு முன்னால் அதே கோடுகளில் நடந்த சீனியர் எல்லாக் கோட்டிலும் அள்ளி அள்ளி எழுதியிருந்தார். எனக்குப் பன்னிரண்டு கோட்டில் மூன்றில்தான் கிடைத்தது.

"சீனியர் ஷீட்ட பாத்து கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு. ஜீரோவ வெச்சிக்கினு யாரும் பட்டம் வாங்கல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கால் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"நடந்தது நான் சார். இல்லாதத எழுத மாட்டேன். நம்பிக்கை இல்லன்னா எங்கூட வந்து நடங்க."

சொன்ன பிறகுதான், கையெழுத்து அவர் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

2. ஏழாம் கோடு

வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. மறுவாரம் தொப்பியும் ஷூவுமாக வந்து நின்றார். விடிந்ததும், நான் ஜீரோ எழுதியிருந்த ஏழாம் கோட்டில் இறங்கினோம். ஜிபிஎஸ்ஸோடு நான் முன்னால், அவர் பின்னால். இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை.

"தோ! இது இன்னா? கண்ணு தெரியலியா உனக்கு?"

கருப்பாக, பளபளவென்று புழுக்கை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அது ஆடு சார்."

"இன்னாது?"

"ஆட்டுப் புழுக்கை. ஆடு நடந்துக்கினே போடும், வழி நெடுக சிதறிக் கெடக்கும். இந்த மான் போட்ட எடத்துலயே திரும்பத் திரும்ப வந்து போடும். பழசு வெளுத்துப்போய் அடியில, புதுசு கருப்பா மேல, ஒரே குவியலா இருக்கும். எங்க ஊரு விஜயபுரத்துல எங்க நைனா ஆடு வளக்கிறாரு. பட்டிய கூட்டித் தள்ளினவ நான். எனக்குத் தெரியாதா?"

இன்னும் கொஞ்சம் தள்ளி முள்ளில் ஆட்டு மயிர் சிக்கியிருந்தது. மேய்ப்பவர்கள் அந்த வழியாகத்தான் தினமும் ஓட்டிப்போகிறார்கள். சீனியர் டவுனில் வளர்ந்தவர், பட்டிப் பக்கமே போயிருக்க மாட்டார். அவர் தீசிஸில் பாதி ஆடுதான் மேய்ந்திருக்கிறது. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் என் பின்னால் நின்றார்.

"இத வைவால சொல்லுவியா?" குரல் இறங்கியிருந்தது.

"கேக்கலன்னாலும் தீசிஸ்ல எழுதுவேன் சார்."

3. ஒரே ஒரு வரி

எழுதினேன். 'முந்தைய எண்ணிக்கையில் ஆட்டுப் புழுக்கை கலந்திருக்க வாய்ப்புண்டு.' அவர் இரண்டு வாரம் தீசிஸைக் கையில் வைத்துக்கொண்டார். நான் தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றேன். மூன்றாம் வாரம் உள்ளே கூப்பிட்டு, அந்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்றுக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இப்போது சித்தூர்ப் பக்கம் யானை வழித்தட ஆய்வில் நான் சூப்பர்வைசர். புதிதாக வரும் மாணவர்கள் ஜீரோவாக எழுதிய ஷீட்டை நீட்டி, "ஒண்ணுமே கெடைக்கல மேடம்" என்று தலைகுனிந்து நிற்பார்கள். முதல் கையெழுத்தை அந்த ஷீட்டில்தான் போடுகிறேன். நடந்து பார்த்து எழுதிய ஜீரோ அது. அதை அழிக்கச் சொல்கிறவர் யாரானாலும், முதலில் என்னோடு வந்து நடக்கட்டும்.