கடித்துக் கொடுத்த பாவாடை

எனக்குத் தைக்க வரும் என்பதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. ஏழாம் வகுப்பில் தையல் டீச்சர் என் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோங்க பிள்ளைகளா, இதுதான் ஓட்டுத்தையல். நீங்க போட்டிருக்கது கோழி நடந்த தடம்" என்று சொன்ன நாளிலிருந்து அந்த எண்ணம் இன்னும் கெட்டியாகிவிட்டது. ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இன்னமும் எங்கள் வீட்டுத் தலையணை உறை கிழிந்தால் கடைக்குப் போகாது.

அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தோம். அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பஸ்ஸில் போய் வருவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் புதனும் வெள்ளியும் பிற்பகலில் தையல் வகுப்பு. மற்ற பிள்ளைகள் துணியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு அதன்மேல் தைப்பார்கள். எனக்குக் கோடு வேண்டாம். இடது கட்டைவிரல் நகம்தான் எனக்கு அளவு. நகத்தால் தடவிக்கொண்டே போனால் ஊசி அதன் பின்னாலேயே வரும். "நான் கண்ணை மூடிக்கிட்டே தைப்பேன்" என்று பெருமையடித்துக்கொள்வேன். பொய்யில்லை, தைத்தும் காட்டியிருக்கிறேன்.

நூல் கோர்ப்பதிலும் எனக்கென்று ஒரு முறை இருந்தது. நூல் நுனியை வாயில் நனைத்து, பல்லால் நசுக்கித் தட்டையாக்குவேன். ஊசியின் காதை நாக்கு நுனியில் வைத்தால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நாக்கே சொல்லிவிடும். நூலை அங்கே தள்ளினால் மறுபக்கம் வந்து நிற்கும். மற்றவர்கள் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தவம் கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பிரேயர் ஹாலில் இரண்டடி உயரத்தில் ஓர் ஆண்டாள் சிலை உண்டு. ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் அதற்குப் புதுத்துணி சாத்தி, சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். அந்த வருஷம் தையல் டீச்சர், பாவாடையை நம் பிள்ளைகளே தைக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மாம்பழ மஞ்சளில் துணி, அதற்குத் தனியாகப் பச்சைக் கரை. யார் தைப்பது என்ற கேள்வியே எழவில்லை. என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், பால்காரரிடமும் சொன்னேன்.

கரை கால்வாசி ஏறியிருந்த வெள்ளிக்கிழமைதான் வந்தது வினை. என் அத்தை மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. நான் புதுநூல் கோர்ப்பதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்:

"ஏட்டி, சாமி பாவாடைக்கு எச்சி நூலையா வச்சுத் தைக்க?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. எனக்கு உள்ளுக்குள் பகீரென்றது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"இந்த ஊர்ல வந்து எச்சியப் பத்திப் பேசுதியாக்கும். ஆண்டாளே மாலையைத் தான் போட்டுப் பாத்துட்டுத்தான் பெருமாளுக்குக் குடுத்தா. அவ சூடிக் குடுத்தா, நான் கடிச்சுக் குடுக்கேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "கடிச்சுக் கொடுத்த சுடர்க்கொடி" என்றாள். அந்தப் பெயர் பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் என்னை விடவில்லை. டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ ஆண்டாள், நீ ஏழாப்பு. எல்லாத்தையும் பிரிச்சுட்டு மறுபடி தை. நூல் வாய்க்குப் போகக் கூடாது. புதன்கிழமைக்குள்ள பாதியாவது ஏறலைன்னா ஒன் அத்தை மக தைக்கட்டும்" என்றார்.

பிரிப்பது ஒரு வேலையா? சனிக்கிழமை காலையிலேயே பிரித்துவிட்டேன். பிறகு எல்லாரையும் போல ஊசியை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். ஊசி இருந்தது. காதைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ புகை மாதிரி ஆடியது. நூலைக் கொண்டு போனால் இந்தப் பக்கம் வழுக்கும், அந்தப் பக்கம் வழுக்கும், நுனி பிரிந்து துடைப்பம் போல நிற்கும். முந்தின நாள் வரைக்கும் என் நாக்குக்குத் தெரிந்த ஓட்டை ஒரே நாளில் எங்கே போகும்? எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நான் பேசிய பேச்சுக்கு ஆண்டாள் ஊசிக்காதை மூடிவிட்டாள்.

அம்மாவிடம் கோர்த்துத் தரச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். எச்சில் கதை வெளியே வரும். சாமி காரியத்தில் அம்மா டீச்சரைவிடக் கண்டிப்பு. நான் ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "பொறுமை கிடையாது ஒனக்கு. செத்த நேரம் நிலையா உக்காந்தாத் தானாப் போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறும் போயிற்று. திங்களும் போயிற்று. காதைத் திறந்துவிட்டால் ஒரு மாதம் பால்கோவாவைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய நேர்த்திக்கடன் கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. நாக்கில் வைத்தால் ஒரு நொடி வேலை. நூலை உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். சாமி அலமாரியைப் பார்த்தேன். கீழே போட்டுவிட்டு அழுதேன். அந்தப் பாவாடை என்னை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பால்காரருக்கு என்ன பதில் சொல்வது?

புதன்கிழமை காலையில் அத்தை மகள் யூனிபார்மோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாவாடையை வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்தாள். அதில் பத்து ஊசிகள் குத்தியிருந்தன. பத்திலும் வெள்ளை நூல்.

"வாயில வைக்கல, சத்தியமா" என்றாள்.

"நீதான தைக்கப் போற?"

"என் தையல் கோழித் தடம்னு ஊருக்கே தெரியும். அதைக் கட்டிக்கிட்டு ஆண்டாள் நிக்கணுமாக்கும்."

பிறகு ஓர் ஊசியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "ஏட்டி, ஓட்டை இம்புட்டுப் பெருசா இருக்கே. ஒனக்குத் தெரியலையா?" என்றாள்.

"தெரியுது. நூல்தான் போகமாட்டேங்குது."

அவள் ஊசியைத் தாழ்த்திவிட்டு என் கண்ணையே பார்த்தாள். அழுத கண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நேர்த்திக்கடன் கதையையும் சொன்னேன்.

"அப்ப ஒன் பங்குப் பால்கோவாவை எனக்குத் தந்துரு. நேந்துக்கிட்டது நீ, நானில்ல" என்றாள்.

ஊசி கைக்கு வந்த பிறகு எனக்கு யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. நகம் முன்னால் போயிற்று, ஊசி பின்னால் போயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் பார்த்தபோது கரை பாதிக்கு மேலே ஏறியிருந்தது. நூல் தீரத் தீர அவள் பெஞ்சுக்கடியில் கோர்த்துத் தந்தாள். நான் நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் வெட்டினேன். காதைத் திறந்தது ஆண்டாள்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். கோர்த்தவள் அத்தை மகள், அவளை அனுப்பியவள் ஆண்டாள்.

விழாவன்று உயரத்தில் பெரியவளான என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். திரையை விலக்கியதும் ஹாலே கும்பிட்டது. அத்தை மகள் என் காதில், "ஒன் தையலப் பாரு, ஒவ்வொண்ணும் அரிசி மாதிரி இங்க இருந்தே தெரியுது" என்றாள்.

"தெரியுது" என்றேன்.

எனக்குத் தெரிந்தது மஞ்சளாக ஒன்று, அதன் அடியில் பச்சையாக ஒன்று. கோயிலிலும் அப்படித்தான். அம்மா என்னைச் சன்னதியில் நிறுத்தி, "இடது கையில கிளி தெரியுதா?" என்பாள். பச்சையாக ஒன்று தெரியும். "தெரியுது" என்பேன்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனை வேன் வந்தது. அப்பா கண்ணாடி வாங்கிக் கொடுத்த அன்றைக்கே என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். கிளிக்கு மூக்கு இருந்தது. சிவப்பாக, மாதுளம் பூவில் செய்த மூக்கு. இலையை மடித்து மடித்துச் செய்த சிறகு. நான் அங்கேயே நின்று அழுதேன். பக்தி என்று நினைத்து அப்பா தட்டிக்கொடுத்தார். பக்தியும்தான்.

அதுவரைக்கும் நான் நினைத்திருந்தது வேறு. சாமி என்றால் எல்லாருக்குமே மங்கலாகத்தான் தெரியும், நம்பிக்கை உள்ளவர்கள் தெரியுது என்று சொல்லிக்கொள்வார்கள் என்று.