வீரய்யாவின் இடது கால்

குனிந்த முதுகு நிமிராமல் பின்பக்கமாகவே நடந்து வருகிறார் வீரய்யா. ஒரு கையில் சுண்ணாம்பு வாளி. மறுகையில் தென்னைமட்டையை நசுக்கிச் செய்த தூரிகை. முளைக்கு முளை இழுத்துக் கட்டிய கயிற்றை ஒட்டிப் புல்லின்மேல் வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே போகிறது. சனிக்கிழமை காலையில் பதுளை மைதானத்தில் யாராவது குறுக்கே நடந்தால் தொலைந்தார்கள். "ஏய்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஈரம் காயட்டும், அப்புறம் மாமியா வீட்டுக்குப் போற மாதிரி ஆடி அசைஞ்சு போங்க!" என்று சத்தம் வரும். ஆள் குள்ளம்தான். ஆனால் அந்தச் சத்தம் எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவளுக்கும் கேட்கும்.

மற்ற நாள்களில் அவருக்கு வெள்ளையடிப்பு வேலை. பதுளைக் கடைவீதியில் பளிச்சென்று ஒரு சுவர் தெரிந்தால் அது பெரும்பாலும் அவர் கைபட்ட சுவர். ஏணியில் அணில்போல ஏறுவார். சுண்ணாம்பில் கை வைத்த நேரத்தில் மட்டும் அவரைப் பார்க்க வேண்டும்! நெற்றி வேர்வையைத் தோளில் துடைப்பார். இமையில் ஈ உட்கார்ந்தால் உதட்டைக் கோணி ஊதி விரட்டுவார். விரலை முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகமாட்டார். கூட வேலை செய்த முருகையாவுக்கு ஒரு கண் அப்படித்தான் மங்கிப் போயிற்று. "சுண்ணாம்புக் கை கண்ணுக்குப் போவக் கூடாதுங்க" என்று கேட்காதவர்களுக்கும் புத்தி சொல்வார்.

இதையெல்லாம் ஊர் பொருட்படுத்துவதில்லை. ஊர் சிரிப்பது வேறொன்றுக்கு. ஆட்டம் நடக்கும்போது பந்து கோட்டைத் தாண்டி அவர் பக்கம் உருண்டு வந்தால், பாம்பைக் கண்டவர்போல் துள்ளி விலகுவார். நின்றபிறகு கையால் எடுத்து எறிவார். காலால் மட்டும் தொடமாட்டார். இத்தனைக்கும் 'சீமைக்காரர்' என்றுதான் அவருக்குப் பெயர். ஸ்கொட்லாந்தில் சம்பளம் வாங்கி உதைபந்து ஆடிய மனிதர் அவர். அப்படி அவர் சொல்கிறார்.

ஹாஷிமின் தேத்தண்ணிக் கடையில் அந்தக் கதை ஓடாத வாரமில்லை. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கூலி லயத்தில் பிறந்தவர் வீரய்யா. விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் சேருமுன்னே, அந்தக் களத்தில் பந்துபோல் உருண்ட ஜம்போலாக் காயை உதைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காய் பறந்துபோய்த் துரையின் தொப்பியைத் தட்டி விழுத்திவிட்டது. கங்காணிக்குக் கைகால் ஓடவில்லை. துரையோ குனிந்து காயை எடுத்து வீரய்யாவிடம் உருட்டிவிட்டார், தூரப் போய் நின்றார், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இன்னொருதரம் அடி" என்றார். வீரய்யா அடித்தார். தொப்பி மறுபடியும் விழுந்தது. அந்த வருஷம் லீவில் சீமைக்குப் போன துரை, நாய்களைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லி அவரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்.

"கடலோரமா ஒரு சின்ன ஊருங்க. மீனப் புடிச்சு உப்புப் போட்டு ஏத்துறதுதான் தொழில். குளிருன்னா குளிரு, கால் வெரல் இருக்கா இல்லியான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்! சப்பாத்துப் போட்டு எடது பக்கமா ஓட உட்டாங்க. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை சம்பளம். பந்து ஒதைக்கச் சம்பளமான்னு எங்காத்தா நம்பவேயில்ல. அங்கயும் எவனோ கங்காணி எம்மகனப் புடிச்சுக்கிட்டான்னு அழுதுச்சு."

துரை லீவு முடிந்து திரும்பிவிட்டார். வீரய்யா திரும்பவில்லை. மேலும் இரண்டு குளிர்காலம் அந்த ஊரிலேயே இருந்து ஆடினார். மீன் ஆய்கிற பெண்கள் கத்தியும் கையுமாக வந்து கோட்டோரம் நிற்பார்களாம். அவர் பந்தோடு ஓடினால் அவர்களும் கூடவே ஓடுவார்களாம், "வீரா, வீரா" என்று. இந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிடும். தேத்தண்ணி ஆறிப்போகும். இன்றைக்கும் சந்தைக்குப் போனால் கருவாட்டுக் கடைமுன் சும்மா நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வருகிறவர் அவர். அந்த உப்புவாடை போதும், மனசு கப்பல் ஏறிவிடும்.

எல்லாரும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஒரு துண்டு உண்டு. முதல் ஆட்டத்தில் விசில் ஊதுமுன் வீரய்யா குனிந்து பந்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "சோறு போடுற சாமானக் கால் படவே ஒதைக்கப் போறோமே, ஒரு மாப்புக் கேக்க வேணாமா? அந்த விசில்காரன் நா ஏதோ மந்திரம் வைக்கிறேன்னு பந்தையே மாத்திட்டான்யா! கொஞ்ச நாள் போனதும் பாத்தா, அந்த ஊருச் சின்னதுக எல்லாம் தெருவுல பந்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஆடுதுக. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அழுகை வரும்தான். ஆத்தாவைப் பார்த்து, தனக்கென்று பேசிவைத்திருந்த ரெங்கம்மாவைக் கட்டிக்கொண்டு, அடுத்த குளிருக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். அந்தக் கடலோர ஊரைவிடப் பெரிய ஊர்க் கோஷ்டியொன்று வழிச்செலவு கொடுத்துக் கூப்பிட்டிருந்தது. கல்யாணம் முடிந்தது. கப்பல் ஏறுமுன் கதிர்காமம் கும்பிட்டு வரலாம் என்று புதுப்பெண்ணோடு நடந்தார். வெல்லவாய தாண்டிய காட்டு வழியில் ரெங்கம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கூட வந்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாணிக்க கங்கைக் கரையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு வீரய்யா கதறினார்: "முருகா, இவள எனக்கு விட்டுரு. எங் காலு ரெண்டும் ஒனக்கு. இனிமே பந்த ஒதைக்க மாட்டேன்."

ரெங்கம்மா கண் திறந்தாள். வேண்டுதல் பலித்தது. மூட்டையில் ஆசையாகக் கொண்டுபோயிருந்த சப்பாத்தை, கால் கொப்புளம் போட்டு நொண்டிய ஒரு சாமியாருக்குக் கொடுத்துவிட்டார். காவி வேட்டியும் அடியில் குமிழ் அடித்த ஸ்கொட்லாந்துச் சப்பாத்துமாக அந்தச் சாமி காட்டுக்குள் டக்கு டக்கென்று நடந்து மறைந்ததை நினைத்தால் இன்றைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சீமைக்குப் போய் ஆடியதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

இந்த வேண்டுதல் ஊருக்குத் தெரியாது. கேட்டால், முழங்கால் சரியில்லை என்பார். ரெங்கம்மாவின் வாயையும் கட்டிப்போட்டிருந்தார்.

பதுளைக்கு ரயில் வந்த மறுவருஷம் கண்டியிலிருந்து ஒரு கோஷ்டி ஆட வந்தது. ரயிலில் வந்து இறங்கும் முதல் வெளியூர்க் கோஷ்டி. ஊரே புதுத்துணி எடுக்காத குறை. அந்த நேரம் பார்த்து நம் ஆட்களில் இடப்பக்கம் ஓடுகிறவனுக்குக் கணுக்கால் பிசகிக்கொண்டது. ஊர்க் கோஷ்டிக்குத் தலைவன் இரும்புக்கடை ஸலீம். முந்தினநாள் சாயங்காலம் தேத்தண்ணிக் கடைக்கே வந்து வீரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒங்களத்தான் மலபோல நம்பி வந்திருக்கேன். ஓட வேணாம், சும்மா நின்னு வர்ற பந்தத் தட்டி உட்டாப் போதும்."

"முழங்காலு ஆவாதுங்க தம்பி."

கடைக்காரர் ஹாஷிம் தேத்தண்ணியை ஆற்றியபடியே சிரித்தார். "முழங்காலா? ஏணியில ஏறக்குள்ள மட்டும் அது நல்லா இருக்கே! ஸலீமு, நான் ஒண்டு சொல்றேன் கேளு. இவர் சீமைக்குப் போனது மெய்தான். அங்க நாய் மேச்சதும் மெய்தான். பந்து ஒதச்சதுதான் புளுகு."

கடையே கொல்லென்று சிரித்தது. ஸலீம் மட்டும் சிரிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. குடித்தும் குடிக்காமலும் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்துவந்தார்.

செய்தி அவருக்கு முன்னே வீடு சேர்ந்திருந்தது. ரெங்கம்மா அடுப்படியிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "அந்தாளு என்னா பேச்சுப் பேசியிருக்காரு! இத்தன வருசமாப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்பப் போறேன், கடவாசல்ல நின்னு எல்லாத்தயும் சொல்லிப்புட்டுத்தான் வருவேன்."

"சொல்லு. சொன்னா என்னா நடக்கும்? ஒரு பயலும் சாமியக் கொற சொல்ல மாட்டான். ஒன்னயத்தான் சொல்லுவான். இவளக் கட்டுனதாலதான் அந்தக் காலு போச்சுன்னு ஊரு ஒன்னயப் பாக்கும். என்னய புளுகன்னு சொல்லட்டும் புள்ள, அது எனக்கு வலிக்காது."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு ஒதைதானங்க. அப்புறமாப் போயி ஏதாச்சும் பரிகாரம் பண்ணிக்கலாம்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த ஒரு ஒதைக்குத்தான் நா தவிக்கிறேன். அதனாலதான அதக் குடுத்தேன்? வேணாம்னு தூக்கிப் போடுற சாமானயா சாமிக்குக் குடுப்பாங்க?"

மறுநாள் மைதானம் கொள்ளாத கூட்டம். தோட்டங்களிலிருந்து அரைநாள் வேலை முடித்து மலையிறங்கி வந்தவர்களே பாதி. வீரய்யா விடியற்காலையில் இழுத்த கோட்டைச் சாரல் அங்கங்கே கரைத்திருந்தது. இடைவேளையில் அதைச் சரிசெய்துவிட்டு, வாளியோடு மூலைக்கொடிப் பக்கம் குந்தியிருந்தார். இரண்டு பக்கமும் கோல் சமம். சோற்றுத் தூக்கோடு வந்த ரெங்கம்மா மேட்டில் பெண்களோடு நின்றாள். ஆட்டம் முடிகிற தறுவாயில் மலையிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது. அந்தக் கடலோரத்து ஊரிலும் இப்படித்தான், ஆட்டம் முடிகிற நேரம் பார்த்துக் கடலிலிருந்து பனி ஏறிவரும்.

கண்டிக்காரன் ஒருவன் ஓங்கி உதைத்த பந்து கோட்டைத் தாண்டி வீரய்யாவை நோக்கி வந்தது. ஒருமுறை தரையில் பட்டு, முழங்கால் உயரத்தில் பதமாக எழும்பியது. இடது காலுக்கென்றே அளந்து வைத்தாற்போல வந்தது. "சீமைக்காரரே! ஒதைங்க பாப்பம்!" என்று ஹாஷிம் கூட்டத்திலிருந்து கத்தினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. "ஒதைங்க! ஒதைங்க!"

வீரய்யா எழுந்துவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. வலது கால் புல்லில் ஊன்றிவிட்டது. இடுப்பு திரும்பிவிட்டது. இத்தனை வருஷம் தூங்கிக் கிடந்த இடது கால் யாரையும் கேட்காமல் பின்னால் போய் எழும்பியது. பனிக்குள்ளிருந்து மீன்காரப் பெண்கள் "வீரா, வீரா" என்று கத்துவது அவர் காதில் தெளிவாக விழுந்தது. ஐயோ, எத்தனை காலமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

மேட்டின்மேல் ரெங்கம்மா நின்றாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள்.

கால் இறங்க மறுத்தது. வீரய்யா உடம்பைத்தான் கீழே போட்டார். சாய்ந்து, வாளியின்மேல் விழுந்து, சுண்ணாம்பு கொட்டிக் கைகள் முழங்கைவரை வெள்ளையாக, கோட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் ஹோவென்று சிரித்தது. பந்து அவர் தலைக்குமேல் போய் மேட்டில் மோதியது. அங்கிருந்து திரும்பி மெதுவாக உருண்டு வந்து, நீட்டிக் கிடந்த அவருடைய இடது கால் விரல்களில் பட்டு நின்றது.

வீரய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸலீம் பந்தை எடுக்க ஓடிவந்தவன் பாதியில் நின்றான்.

அவர் குனிந்தார். இரண்டு கையாலும் பந்தைத் தொட்டார். தொட்ட விரல்களைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

சிரிப்பு நின்றுபோயிற்று. "ஐயய்யோ, சுண்ணாம்புக் கை! சுண்ணாம்புக் கைங்க!" என்று கத்திக்கொண்டு மேட்டிலிருந்து ரெங்கம்மா ஓடிவந்தாள். வீரய்யா மூடிய கண்கள் இரண்டிலும் அந்த வெள்ளை விரல்களை ஒற்றியபடி உட்கார்ந்திருந்தார். எடுக்கவேயில்லை.