சொட்டையன் வம்சம்

என் மச்சானுக்கு நான் முப்பத்தெட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். கைநீட்டி வாங்கிய பணமல்ல. அவ்வளவும் என் ஆடுகள் குடித்த மருந்து. மனைவியின் அண்ணன் கால்நடை மருந்துக் கடை வைத்திருந்தார். என் செம்மறிகளின் வயிற்றில் குடற்புழு. மாதம் தவறாமல் மருந்து ஊற்றினேன். புழு சாகவில்லை, கடைக் கணக்குதான் கொழுத்தது.

"மாப்பிள்ளை, மூணாவது வருஷ மழைக்குள்ள பணம் வரலைன்னா மந்தையையே ஓட்டிட்டுப் போயிடுவேன். தங்கச்சி புருஷன்னு பாக்க மாட்டேன்" என்றார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் என்னளவுக்கு ஆடு தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் கிடையாது. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

புதிதாக வந்திருந்த ஆட்டு டாக்டரம்மாவிடம் போனேன். "எல்லா ஆட்டுக்கும் ஊத்தி ஊத்தி புழுவுக்கே மருந்து பழகிப்போச்சு அண்ணே. ஒவ்வொரு ஆட்டுப் புழுக்கையையும் தனித்தனியா கொண்டாங்க. எதுல புழு முட்டை அதிகம்னு பாப்போம்" என்றார்.

நாற்பத்திரண்டு ஆடு. நான் எழுத்துக்கூட்டிப் பெயரெழுதி ஒட்டினால் விடிந்துவிடும். அதனால் ஆட்டின் கழுத்தில் ஒரு கலர் நூல், அதன் பொட்டலத்துக்கும் அதே நூல். கலர் தீர்ந்ததும் முடிச்சை எண்ணிப் போட்டேன். மனைவியின் தையல் பெட்டி காலி.

"என் ஜாக்கெட்டைத் தைக்க நூலில்ல, ஆட்டுப் புழுக்கைக்குப் பட்டு நூலா?" என்று ஒரு வாரம் முனகினாள்.

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஊரே கண்வைத்த என் அழகுக் கிடாவின் புழுக்கையில் முட்டை குவிந்து கிடந்தது. ரோமம் உதிர்ந்து, ஒரு கொம்பு கோணிய இன்னொரு கிடா சொட்டையனுக்கோ விரல்விட்டு எண்ணலாம்.

"நூல் மாறியிருக்கும் டாக்டரம்மா."

மறுவாரம் இரண்டு கிடாக்களின் பின்னாலும் நானே கையேந்தி நின்று பிடித்துக்கொண்டு போனேன். அதே பதில்தான்.

"சொட்டையன் வயித்துக்கும் புழு போகுது. ஆனா அவன் உடம்பு அதைப் பெருக விடாது. அந்தக் குணம் குட்டிக்கும் இறங்கும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இறங்காது. நல்லா இறங்குனதை மட்டும் வெச்சுக்கிட்டே போங்க."

அழகனைக் கசாப்புக் கடைக்கு விற்றுவிட்டு, சொட்டையனைப் பெட்டை ஆடுகளோடு சேர்த்துவிட்டேன். மச்சான் கடை வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு சிரித்தார்: "போயும் போயும் சொட்டைத்தலையனையா ஜோடி சேர்ப்பாங்க?"

"உங்க தங்கச்சிக்கு நீங்க சேர்த்து வைக்கலையா?" என்று என் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினேன். நாலு பேரும் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

முதல் ஈற்றில் குட்டிகள் பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடியும் நூல், பொட்டலம், மைக்ரோஸ்கோப். முட்டை அதிகமானதைக் கழித்தேன்.

இரண்டாம் வருடம் மழை கொட்டித் தீர்த்தது. அக்கம்பக்கத்து மந்தைகளில் புழு ரத்தத்தை உறிஞ்சியதில் தாடைக்குக் கீழே வீங்கி ஆடுகள் சாய்ந்தன. என் ஆடுகளின் கண்ணிமையைப் புரட்டினால் செக்கச்செவேல், ரத்தம் குறையவே இல்லை! மூன்றுக்கு மட்டும் இமை வெளுத்திருந்தது; அவற்றுக்கு மட்டும் மருந்து ஊற்றினேன். சொட்டையன் வாரிசு வேண்டுமென்று ஆட்கள் வாசலில் நின்றார்கள். கிடாக்குட்டிகளைச் சொன்ன விலைக்கே விற்றேன்.

மூன்றாம் வருட மழைக்குப் பத்து நாள் முன்பே கடைக்குப் போனேன்.

"மாப்பிள்ளை, எல்லாரும் உங்க சொட்டை வம்சத்தை வாங்கிட்டா என் கடைக்கு யாரு வருவா?"

"எலி மருந்து வைங்க மச்சான். எலியை நான் இன்னும் வளர்க்கலை."

சிரிக்காமல் கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில் கடைசித் தாள்வரை, சத்தமாக, தெருவே கேட்க எண்ணி வைத்தேன்.